உள்ளே இடம் இருக்கிற விமானங்கள்

என் அன்புக்கும், கொஞ்சம் பயத்துக்கும் உரிய சம்பந்திக்கு,

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு. போன ஆயுத பூஜை அன்று உங்கள் போர் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் பார்த்தேன். பழம் நசுங்கவில்லை.

சிரிக்காதீர்கள். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குக் கிளம்பும்போது, சம்பந்தியம்மா அலமாரியைத் திறந்து ஒரே ஒரு பொம்மை விமானத்தை எடுத்தார்கள். பழைய துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, "இது உங்களுக்குத்தானுங்ணா. கடையில வெச்சுக்கங்க" என்றார்கள். ஹரிக்கேன் என்று நீங்கள் எனக்கு மூன்று தடவை பெயர் சொல்லிக்கொடுத்த விமானம். மூன்று தடவையும் எனக்கு லாந்தர் விளக்குதான் ஞாபகம் வந்தது.

என் கடை உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கிற எட்டுக்குப் பத்துக் கடை. பூஜைக்குத் தையல் மெஷின், கத்தரி, ரெக்சின் அறுக்கிற பிளேடு, எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். வாசலில் என் ஸ்கூட்டருக்குப் பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். திரும்பிப் பார்த்தால் அலமாரியில் உங்கள் ஹரிக்கேன். அதுவும் ஒரு வண்டிதானே, அதற்கு மட்டும் ஏன் குறை வைக்க வேண்டும் என்று தோன்றியது. இருப்பதிலேயே சின்னப் பழமாகப் பொறுக்கினேன்.

என் சம்சாரம் தடுத்துப் பார்த்தாள். "ஏங்க, அது பறக்குற வண்டி. அதுக்கு எதுக்குப் பழம்?"

"பறந்தா எறங்க வேண்டாமா? எறங்கும்போது சக்கரம் தரையில படும்ல?" என்று நான் சட்டம் பேசினேன்.

சக்கரம் சட்டைப் பொத்தான் அளவு. பழம் நெல்லிக்காய் அளவு. விமானம் பழத்தின் மேல் அடை காக்கிற கோழி மாதிரி உட்கார்ந்தது. சாஸ்திரத்துக்காவது கொஞ்சம் நசுங்க வேண்டுமே என்று கட்டை விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். 'டிக்' என்றது. சக்கரக் கால் ஒடிந்து, இறக்கை தனியாகக் கழன்று, வயிறு நீளத்துக்குப் பிளந்து, நீங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து செய்ததை நான் ஒரு நொடியில் மறுபடி பெட்டியில் துண்டு துண்டாக இருந்தபடி ஆக்கிவிட்டேன்.

"நல்லா வந்துச்சு பூஜை" என்றாள் அவள்.

பசையைத் தேடிக்கொண்டே பிளந்த பாதியைத் திருப்பினேன். சம்பந்தி, அப்போதுதான் பார்த்தேன். உள்பக்கச் சுவரில், வெளியே யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாத இடத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி உங்கள் கையெழுத்து.

"பொண்ணு குடுக்கச் சம்மதிச்சுட்டாங்க. சம்பந்திக்கு வாய் ஓயறதில்ல. மனசு வெள்ளை."

பசை தேடுவதை விட்டுவிட்டு இரண்டாம் தடவை படித்தேன். என்னைப் பற்றி ஒருவர் எழுதி, அதை ஒட்டி மூடி, அதற்கு மேல் வர்ணம் பூசி, ஆறு வருஷம் அலமாரியில் வைத்திருக்கிறார். அந்த ஆறு வருஷமும் அதே அலமாரி முன்னால் நின்று நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதல் தடவை உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தது நினைவிருக்கிறதா? அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி: "என்னங்க சம்பந்தி, பேரப்பிள்ளைக்கு இப்பவே சாமான் வாங்கி நெறச்சுட்டீங்க?" என் சம்சாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். நீங்கள் கோபப்படவில்லை. ஒரு பழைய பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்த மாதிரி துண்டுகள் தொங்கின. "எண்ணிப் பாருங்க, முப்பதுகூட வராது" என்றீர்கள். "எல்லாம் பழைய அச்சுங்க. எர்ணாகுளத்துல ஒரு கடையில விக்காமக் கெடந்த சரக்கு. தக்காளி லோடு எறக்கிட்டுத் திரும்பறப்ப வாங்கியாறதுங்க."

அந்த முப்பது துண்டைப் பார்த்து நான் உள்ளுக்குள் ஏளனம்தான் பண்ணினேன். விமானி என்று ஒரு துண்டு இருந்தது. முகம் இல்லை, கை இல்லை, உப்பிய பொரி மாதிரி ஒன்று. இறக்கை முழுக்க ஆணித்தலைகள் வேனல் கட்டி போலப் புடைத்திருந்தன. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராமல் நடுவில் நகம் போகிற இடைவெளி. இதிலிருந்து விமானமா?

அப்புறம்தான் ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்த்தேன். துணி மாட்டுகிற கிளிப்பை வைத்துக் கவ்விப்பிடித்து ஒட்டுவீர்கள். இடைவெளியை லாரி டிங்கரிங்குக்கு வாங்கின பட்டியால் அடைப்பீர்கள். லாரிக்கு அடித்த பெயிண்டின் மிச்சத்தில் முகப்பவுடரைக் கலந்து பளபளப்பைக் கொல்லுவீர்கள். கடைசியில் விமானப்படையின் வட்டச் சின்ன ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, இறக்கை மேல் வழுக்கி இறக்கிவைத்து, மூச்சை நிறுத்திக்கொண்டு துணியால் ஒற்றுவீர்கள். நீங்கள் மூச்சு விடும்வரை நானும் விடமாட்டேன். விட்ட பிறகு பார்த்தால் மேசை மேல் ஒரு விமானம் நிற்கும். பொரி மாதிரி இருந்த விமானி கண்ணாடிக்கு உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

"ரெண்டாம் உலகச் சண்டையில இதெல்லாம் ஓட்டுனவங்க பத்தொம்பது, இருபது வயசுங்க சம்பந்தி" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "காலையில டீ குடிச்சுட்டு ஏறுவானுங்களாம். மத்தியானச் சோத்துக்குப் பாதிப் பேருதான் வருவானுங்களாம்." பத்தொன்பது வயதில் நான் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு, அதைப் பெரிய சாதனை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

இங்கிலீஷ்காரன், ஜெர்மன்காரன், ஜப்பான்காரன், எல்லாருடைய விமானமும் ஒரே தட்டில் இறக்கையோடு இறக்கை உரசி நின்றது. "இதுல யாருங்க நம்ம பக்கம்?" என்று கேட்டேன். "தூசி தொடைக்கையில எல்லாரும் நம்ம பக்கந்தானுங்க" என்றீர்கள்.

எதற்கு இந்தப் பைத்தியம் என்றும் ஒரு நாள் கேட்டுவிட்டேன், என் வாய் சும்மா இருக்குமா? நீங்கள் சொன்னீர்கள்: "எங்கய்யன் சண்டைக் காலத்துல தொப்பம்பட்டிக் காட்டுல கடலை புடுங்கிட்டிருந்தப்பத் தலைக்கு மேல ஒண்ணு போச்சாமுங்க. சாகற வரைக்கும் அதையேதான் சொல்லுவாரு. எப்படிங்யா இருந்துச்சுன்னா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாரு. பேச்சு வராது. அந்தக் கைக்கு நடுவுல என்ன இருந்துச்சுன்னு எனக்குப் பாக்கோணும்."

இன்னொரு வழக்கமும் உங்களிடம் இருந்தது. விமானத்தின் இரண்டு பாதியையும் மூடி ஒட்டுகிற நேரம் வந்தால், "சம்பந்தி, செத்த நேரம் வெளியில உக்காருங்க" என்று என் பாஷையிலேயே என்னைக் கிளப்புவீர்கள். சம்பந்தியம்மாவை உள்ளே கூப்பிடுவீர்கள். கதவு சாத்திக்கொள்ளும். ஐந்து நிமிஷம். பிறகு அவர்கள் எதுவும் நடக்காதது போல அடுப்படிக்குப் போவார்கள். நான் என் மகள் தேவியிடம் கண்ணடித்து, "உன் மாமனாருக்கு இந்த வயசுலயும் என்னா ரகசியம்?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பேச்சு எங்கேயோ போகிறது. உங்கள் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

மாப்பிள்ளை குமரேசன் லாரியைப் பார்த்துக்கொள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெங்களூரு வேலைக்குப் போனதும், நீங்கள் இரண்டு வருஷம் அவரோடு பேசாமல் இருந்ததும், கல்யாணப் பேச்சு எடுத்தபோதே எங்களுக்குச் சொல்லப்பட்டதுதான். கல்யாணத்தோடு சரியாகிவிட்டது என்று நினைத்தோம். எங்கே சரியானது? ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க" என்று என்னிடம் சொல்வீர்கள். "வேணாம்னு சொல்லுங்க மாமா" என்று அவரும் என்னிடம் சொல்வார். நடுவில் நான் ரசத்துக்குத் தபால்காரன்.

அந்த இரண்டு வருஷத்தில் அவர் உங்களுக்கு ஒரு விமானப் பெட்டி அனுப்பினாராமே. புதுக் காலத்துச் சரக்கு, நானூறு துண்டு, என்ஜினுக்குள் குழாய்கூடத் தனித்தனி. சமாதானத்துக்கு அனுப்பியது. நீங்கள் அதைச் செய்யவே இல்லை. அது பீரோ மேலேயே இருந்தது. நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று சேதி வந்து, எல்லாம் முடிந்து நாங்கள் வாசலில் நின்றபோது, மாப்பிள்ளை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கிட்டப் பேசுனதை விட இந்தப் பொம்மைங்ககிட்டப் பேசுனதுதான் மாமா அதிகம்." நான் செருப்பைத் தேடிக் குனிந்துகொண்டேன்.

இப்போது நினைத்துப்பாருங்கள். ஹரிக்கேன் வயிற்றுக்குள் எழுத்தைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்களே, வாய் ஓயாது என்று. பூஜைச் சுண்டல் ஆறுவதற்குள் தேவிக்குப் போன் போட்டுவிட்டேன். அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாள். அடுத்த நிமிஷம் மாப்பிள்ளையே பேசினார்.

"மாமா, அப்ப எல்லாத்துலயும் எழுதியிருப்பாரா?"

"இருக்கும் போலத்தான் தெரியுது மாப்ள."

போனிலேயே தேவியிடம் நாள் பார்க்கச் சொன்னார். பிறகு, "தீபாவளிக்கு மறு ஞாயிறு வர்றோம். நீங்களும் ஒட்டன்சத்திரம் வந்துருங்க. ரெக்சின் அறுக்கற பிளேடைக் கொண்டாந்துருங்க" என்றார்.

கேட்டீர்களா, சம்பந்தி? எலுமிச்சம்பழத்தால் ஒன்றைக் கொன்றவன், வாயால் மீதி முப்பதையும் கொல்லப்போகிறேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் மேசை மேல் முப்பது விமானமும் இறங்கி நின்றன. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் கோபமா, பசியா என்று சொல்ல முடியவில்லை. தேவி சுவரோரமாக நின்றாள். சம்பந்தியம்மா அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"மாப்ள, ஒருக்கா யோசிங்க" என்றேன். "இது அம்புட்டும் உங்கப்பா வருஷக்கணக்கா உக்காந்து செஞ்சது. அறுத்தா மறுபடி இப்படி ஒட்டாது. நான் ஒட்டுன சீட்டே ஒரு மழைக்குத் தாங்கல."

"தெரியும் மாமா. எனக்கு அந்த ரெண்டு வருசத்துல என்ன நெனச்சாருன்னு தெரியோணும். அவ்வளவுதான். பொம்மை வேணுமா, அப்பா வேணுமான்னா நான் என்ன சொல்ல?"

பையிலிருந்து பிளேடை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அவர் கை முதலில் ஸ்பிட்ஃபயர் என்கிற இங்கிலீஷ் விமானத்தின் மேல் போனது. நான் பிளேடைப் பிரித்தேன். அப்போது முருங்கைக்காய் நறுக்குகிற சத்தம் நிற்காமலேயே குரல் வந்தது.

"அதுல பாலக்காட்டு எறக்கத்துல வண்டி பிரேக் புடிக்காமப் போனது இருக்குது. புளியமரத்துல நிறுத்தினேன், யாருக்கும் ஒண்ணுமில்ல, சாமி காப்பாத்துச்சுன்னு."

மாப்பிள்ளை திரும்பினார். "என்னம்மா?"

"அந்தச் செவப்பு வட்டம் போட்டது உங்க தாத்தா போனப்ப. 'அய்யன் காலமாயிட்டார். காட்டுல கடலை பூத்திருக்கு.' அதுக்குப் பக்கத்துல இருக்கறது, கறுப்புச் சிலுவை போட்டது..." சம்பந்தியம்மா முதல் தடவையாகச் சிரித்தார்கள். "'இவளுக்குக் கடவாய்ப் பல்லுப் புடுங்கியாச்சு. ரெண்டு நாளா ஊடு அமைதி.' உங்கப்பா படிச்சுக் காட்டிட்டு ஓடிட்டாங்க."

கதவைச் சாத்திக்கொண்ட ஐந்து நிமிஷம்! மூடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அவர்களிடம் படித்துக்காட்டியிருக்கிறீர்கள். எத்தனை வருஷம், எத்தனை விமானம்!

என் புத்தி உங்களுக்குத் தெரியுமே, சோதித்துப் பார்க்காமல் விடாது. "சம்பந்தியம்மா, எனக்குக் குடுத்தீங்களே ஹரிக்கேன், அதுல என்ன?" என்றேன். அதில் இருந்த வாசகத்தை நான் தேவிக்கும் மாப்பிள்ளைக்கும்கூட முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. வாய் ஓயாது என்பதை யாராவது தானாகச் சொல்வார்களா?

அவர்கள் தலை நிமிரவில்லை. "பொண்ணு குடுக்கச் சம்மதிச்சுட்டாங்க. சம்பந்திக்கு வாய் ஓயறதில்ல. மனசு வெள்ளை. அதான் அதை உங்களுக்குக் குடுத்தேனுங்ணா."

தேவி பக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கும் உதடு கோணியது. நான் பிளேடை மடக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மனப்பாடப் பாட்டுக்கூட எனக்கு முழுசாக வந்ததில்லை. இந்த அம்மா ஒரு எழுத்துப் பிசகாமல் முப்பத்தொரு விமானத்தை நெஞ்சுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே.

"ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலை?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"நீ கேக்கவே இல்லையே கண்ணு. மூடுனதைத் தொறக்கக் கூடாதுன்னுதான் உங்கப்பா சொன்னாங்க. கேட்டாச் சொல்லக் கூடாதுன்னு சொல்லல."

அவர் பீரோ மேலிருந்த பெட்டியைக் காட்டினார். "நான் அனுப்புனதைப் பிரிச்சுக்கூடப் பாக்கலையே?"

"பிரிக்காமயா? ஒரு நாள் பூராத் துண்டு துண்டா எடுத்துப் பாத்தாங்க. லாரி ஆபீஸுல இருந்தவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனாங்க, 'எம் பையன் அனுப்பியிருக்கறான், உள்ள எத்தனை வேலைப்பாடு பாருங்க'ன்னு. அப்புறம் மறுபடி பெட்டியில அடுக்கி வெச்சுட்டாங்க. ஏன்னு கேட்டேன். 'இதுக்குள்ள எல்லாம் நெறஞ்சு கெடக்குதே புள்ள, நான் எங்க எழுதறது?'ன்னாங்க. பழசுலதான் உள்ள ஒண்ணுமே இருக்காது. வெறும் செவுரு. அதுதான் அவங்களுக்கு வேணும்."

முப்பது துண்டு விமானத்தை ஏளனம் பண்ணினவன் நான். எதுவும் இல்லாமல் விட்டதுதான் உங்களுக்கு இடமாக இருந்திருக்கிறது.

மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட, அவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒரு சின்ன, இரட்டை இறக்கை விமானம் வந்தது. "'குமரேசன் சைக்கிள் ஓட்டிட்டான். நான் பின்னால புடிச்சிருக்கறேன்னு நெனச்சு ஓட்டறான். நான் எப்பவோ கையை எடுத்துட்டேன்.'" மாப்பிள்ளை அதன் சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக இறக்கிவைத்துவிட்டு, மேசைக் கோடியில் இருந்த பெரியதை எடுத்தார்.

டகோட்டா. சுட வராது, குண்டு போடாது. "சண்டையில சோறும் மருந்தும் கொண்டுபோன லோடு வண்டிங்க, நம்ம லாரி மாதிரி" என்று நீங்கள் செல்லம் கொஞ்சுகிற விமானம். மாப்பிள்ளை ஊரைவிட்டுப் போகும்போது அது அலமாரியில் இல்லை. நிச்சயதார்த்தத்துக்குத் திரும்பி வந்தபோது இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நீங்கள் செய்தது அது ஒன்றுதான்.

அதை என் கையில் கொடுத்தார். "மத்ததை விடுங்க மாமா. இதை மட்டும் தொறந்துருங்க. இதை நானே கண்ணால பாக்கோணும்."

வாங்கிக்கொண்டு, எங்கே பிளேடு வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதுகில் நீளமாக ஒட்டுத் தெரிந்தது. பட்டி பூசித் தேய்த்து, நகம் வைத்தாலும் தட்டாத ஒட்டு. இருபத்தெட்டு வருஷமாகப் பிளேடு பிடிக்கிற கைக்கே இடம் பிடிபடவில்லை.

நறுக்குகிற சத்தம் நின்றது. சம்பந்தியம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்கள். மகனுடைய தோளில் கை வைத்தார்கள்.

"அதை ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளு கையிலயே வெச்சிருந்தாங்க சாமி. எழுதறதும், துணியை நனைச்சு அழிக்கறதும். கடைசியா என்னைக் கூப்பிட்டாங்க. படிச்சுக் காட்டலை. காட்டுனாங்க. உம் பேரு மட்டும் இருந்துச்சு. குமரேசன்னு. வேற ஒண்ணும் எழுத வரலையாம். மூடிட்டாங்க."

தெருவில் கேரளாவுக்குப் போகிற லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. மாப்பிள்ளை அம்மா முகத்தையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்து டகோட்டாவை வாங்கினார். திறக்கச் சொல்லவில்லை. அலமாரியில் நடுத் தட்டில் அதை வைத்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பி நின்று, "அப்பா" என்றார். அந்த வார்த்தையை அவர் உங்களைப் பார்த்துச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் வழியாக அனுப்பவில்லை, சம்பந்தி. நேராகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு பெங்களூருவிலிருந்து வருகிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவைக்கு ஒரு விமானம் என்று எடுத்துவைத்துக் கதை கேட்கிறார். வாசகம் ஒரு வரிதான். அந்த வரிக்கு முன்னும் பின்னும் நடந்ததை அம்மா ஒரு மணி நேரம் சொல்கிறார்கள். "எழுதி வச்சுக்கலாமே மாப்ள?" என்றேன். "வேணாம் மாமா. அம்மா சொல்லட்டும்" என்றுவிட்டார். இதுவரை ஏழு முடிந்திருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்குள் இருக்கிற புளியமரக் கதையை மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

உங்கள் லாரி இரண்டும் ஓடுகின்றன. தேவிக்குச் சமையலில் உங்கள் ஊர்க் கை வந்துவிட்டது. எனக்குத்தான் ரசத்துக்குத் தூது போகிற வேலை இல்லாமல் போய்விட்டது. அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

வருகிற ஆடியில் உங்களுக்கு வருஷத் திதி. அதற்கு முந்தின நாளே வந்துவிடுவேன். இனி நான் இருக்கிற வரை, அந்த அலமாரியைத் துடைக்கிற வேலை என்னுடையது. மென்மையான தூரிகை வாங்கி வைத்திருக்கிறேன். எதையும் அழுத்தமாட்டேன். டகோட்டாவை மட்டும் அலமாரியை விட்டு வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே நிழலில் வைத்துத் துடைப்பேன். இது சத்தியம்.

அது ஏன் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன். இந்தக் கடிதத்தை உங்கள் அலமாரியில்தான் வைப்பேன், மாப்பிள்ளையும் ஒரு நாள் இதைப் படிப்பார். படித்துவிட்டு என்ன செய்வது என்பது அவர் பாடு. அன்றைக்கு ஒட்டைத் தேடி டகோட்டாவைத் திருப்பினேன் அல்லவா, அப்போது கூடத்து வெயில் அதன் வயிற்றோரத்தில் வரிசையாக இருக்கிற சின்னச் சன்னல்கள் வழியே உள்ளே போனது. உள்பக்கம் முழுக்கப் பளிச்சென்று வெளிச்சமானது. சம்பந்தியம்மா சொன்ன அதே உள்சுவர். அரை நொடி உற்றுப் பார்த்திருந்தால் அவர்கள் பிறகு சொன்ன அந்தப் பேர் அதில் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தியம்மா பேசி முடித்த பிறகும், மாப்பிள்ளை என் கையிலிருந்து அதை வாங்கிய பிறகும், என் ஓயாத வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் முட்டிக்கொண்டு நின்றது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

'மாப்ள, இதை ஒடைக்கவே வேண்டாம். வெயில்ல காட்டுனாலே தெரியும்.'

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன்,
தேவியின் அப்பா,
உங்கள் சம்பந்தி.